மைனஸ் 18 டிகிரிக்கு ஒரு பனியன்

திருப்பூரில் தெர்மல் துணி என்று பேச்செடுத்தால் அடுத்த கேள்வி "ஜிஎஸ்எம் எவ்வளவுங்க?" என்பதாகத்தான் இருக்கும். ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்பதுதான் ஜிஎஸ்எம். 220 என்றால் சுமார், 300 என்றால் நல்ல சரக்கு. கடைக்காரர் கையில் தூக்கிப் பார்த்துத்தான் விலை பேசுகிறார், வாங்குகிறவரும் அப்படித்தான். துணி டெவலப்மெண்ட் வேலையில் இருக்கும் எனக்கு இந்தக் கேள்வி அலுத்துப் போயிருந்த நேரத்தில் தூத்துக்குடியிலிருந்து ஒரு விசாரணை வந்தது. இறால், மீன் ஏற்றுமதிக்கான குளிர்பதனக் கிடங்குகளில் சுமை ஏற்றி இறக்குகிற ஆட்களுக்கு, ஜாக்கெட்டுக்கு உள்ளே போட தெர்மல் வேண்டும். ஏற்கெனவே வாங்கிக் கொடுத்தது நல்ல கனம்தான், ஆனாலும் ஆட்கள் போடமாட்டேன் என்கிறார்கள், ஏனென்று வந்து பாருங்கள் என்றார்கள்.

போனேன். உறைந்த கடல் உணவை மைனஸ் 18 டிகிரியிலோ அதற்கும் கீழேயோ வைப்பார்கள். கிடங்குக்குள் ஃபேன்கள் குளிர்க்காற்றைத் தள்ளிக்கொண்டே இருக்கும். கதவைத் திறந்து வெளியே வந்தால் 35 டிகிரி வெயில், அதோடு கடற்கரை ஊரின் பிசுபிசுப்பு. ஒரே கதவின் இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்கும் 50 டிகிரிக்கு மேல் வித்தியாசம். பெட்டிகளைத் தூக்கி வண்டியில் அடுக்குவது, கன்டெய்னர் வரை தள்ளுவது, திரும்ப உள்ளே போய் அடுத்த அடுக்கைக் கலைப்பது என்று நாள் முழுக்க இந்தக் கதவைத் தாண்டிக்கொண்டே இருப்பவர்கள் அவர்கள்.

மூத்த தொழிலாளி ஒருவர் விஷயத்தை ரெண்டு வாக்கியத்தில் முடித்துவிட்டார். "உள்ள நிக்கும்போது குளிரு பெருசாத் தெரியல சார். வெளிய போய் ஏத்திட்டுத் திரும்ப உள்ள வருவோம்லா, அப்பதான் முதுகுல ஐஸக் கட்டி வச்ச மாதிரி இருக்கும்."

அவர் போட்டிருந்த தெர்மலை முதுகுப்பக்கம் தொட்டுப் பார்த்தேன். பிழிந்தால் சொட்டும் போல இருந்தது.

துணியின் சூடு எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால்தான் இது புரியும். சூட்டைத் தடுப்பது பெரும்பாலும் நூலே அல்ல, கண்ணிகளுக்கு நடுவிலும் இழைகளுக்கு நடுவிலும் அசையாமல் மாட்டிக்கொண்டிருக்கிற காற்று. நார்வே ராணுவத்தில் ஹென்ரிக் புருன் என்ற அதிகாரி 1933-ல் மீன் வலையை வைத்து உள்பனியன் செய்து பார்த்தார். முழுக்க ஓட்டை. மேலே ஒரு சட்டையைப் போட்டால் அந்த ஓட்டைகளில் நிற்கிற காற்றே கதகதப்பைக் கொடுத்துவிடும். வலைப்பனியன் இன்றைக்கும் மலையேறுகிறவர்களிடம் புழக்கத்தில் இருக்கிறது. அந்தக் காற்று இருக்க வேண்டிய இடத்தில் தண்ணீர் புகுந்துவிட்டால் கதையே மாறிவிடும். அசையாத காற்றைவிடத் தண்ணீர் ஏறக்குறைய 25 மடங்கு அதிகமாகச் சூட்டைக் கடத்தும். போதாததற்கு அந்த ஈரம் ஆவியாகும்போது உடம்பிலிருந்தும் சூட்டை உறிஞ்சும். ஒரு கிராம் வியர்வை ஆவியாக சுமார் 2,400 ஜூல் வேண்டும். பனியனில் தேங்கிய 50 கிராம் ஈரம் ஒரு மணி நேரத்தில் ஆவியாகிறது என்று வையுங்கள், 33 வாட் போய்விடும். சும்மா உட்கார்ந்திருக்கும் ஆளின் உடம்பு உண்டாக்கும் சூடே 100 வாட் அளவுதான்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. உடையின் கதகதப்பை குளோ என்ற அலகில் சொல்வார்கள். சுமார் 21 டிகிரி அறையில் ஒருவர் சும்மா உட்கார்ந்து சௌகரியமாக இருக்கத் தேவையான உடை ஒரு குளோ. கோட்டு சூட்டு முழுசாகப் போட்டால் ஏறக்குறைய அவ்வளவு வரும். காற்றை நன்றாகப் பிடித்து வைக்கிற துணி ஒரு மில்லிமீட்டர் தடிமனுக்கு 0.16 குளோ கொடுக்கும். அப்படியானால் இரண்டரை மில்லிமீட்டர் உள்ள நல்ல தெர்மல் கொடுப்பது 0.4 குளோ. மைனஸ் 18-க்கு அது எந்த மூலைக்கு? சூடு கொடுக்கும் வேலையை இரண்டு மூன்று சென்டிமீட்டர் தடிமனுள்ள மேல் ஜாக்கெட்தான் செய்கிறது. உள்ளே போடுகிற தெர்மலின் முதல் வேலை தோலை உலர்வாக வைப்பது. கதகதப்பு அதற்கு அப்புறம். இதைத் திருப்பூரில் சொன்னால் பாதிப்பேர் ஒத்துக்கொள்வதில்லை. தெர்மல் என்று பேரை வைத்துக்கொண்டு சூட்டை இரண்டாவது வேலை என்றால் விற்பது எப்படி என்பார்கள். அதுவும் நியாயம்தான்.

அந்த ஆட்கள் போட்டிருந்தது நம் சந்தையில் பரவலாகக் கிடைக்கிற குவில்ட் தெர்மல். இண்டர்லாக் என்ற இரட்டைப் பின்னல் துணிக்கு இருப்பது மாதிரி இரட்டை ஊசி மெஷினில், சிலிண்டர் ஊசிகள் ஒரு துணியையும் டயல் ஊசிகள் இன்னொரு துணியையும் பின்னும். நடுவில் ஒரு தடித்த நூல் பின்னப்படாமல் சும்மா படுத்திருக்கும். அங்கங்கே டக் என்ற பிடிப்புக் கண்ணி போட்டு இரண்டு முகத்தையும் சேர்த்துப் பிடிப்பார்கள், அதனால்தான் மேலே கட்டம் கட்டமாகவோ சாய்சதுரமாகவோ மேடு தெரியும். கனத்துக்கு நல்ல தடிமன் கிடைக்கும். ஒரே 260 ஜிஎஸ்எம்மில் கெட்டியாகப் பின்னிய இண்டர்லாக்கையும் இந்தக் குவில்ட்டையும் பக்கத்தில் வைத்து அளந்தால் குவில்ட் ஏறக்குறைய இரட்டைத் தடிமன் வரும். கதகதப்பும் அந்த விகிதத்திலேயே போகும். அதனால்தான் ஜிஎஸ்எம்மை மட்டும் பார்த்து வாங்குவது எனக்கு ஒப்பவில்லை. கண்ணியைச் சின்னதாக்கி நூலை நெருக்கினாலும் ஜிஎஸ்எம் ஏறும், ஆனால் காற்றுக்கு இடம் குறையும்.

குவில்ட்டில் கோளாறு இருந்தது எந்த நூல் எந்தப் பக்கம் போனது என்பதில். உள்பக்கமும் பருத்தி, வெளிப்பக்கமும் பருத்தி, நடுவில் பாலியஸ்டர். காலையில் எழுந்து டீக்கடை வரை போய்வருகிற ஊட்டிக்காரருக்கு இது பொன்னான துணி. தோலுக்கு மெத்தென்று இருக்கும், வியர்க்காதவரை குறையே இல்லை. சுமை தூக்குகிறவருக்கு அது ஆகாது. பருத்தி ஈரத்தை உறிஞ்சித் தனக்குள்ளேயே வைத்துக்கொள்ளும். சாதாரணக் காற்றிலேயே அதன் எடையில் 8.5 சதவீதம் ஈரம் இருக்கும். பாலியஸ்டருக்கு அது 0.4, பாலிப்ரொப்பிலீனுக்குக் கிட்டத்தட்ட பூஜ்யம். கம்பளி 16-ஐ ஒட்டிப் போகும், ஆனால் ஈரத்தை இழைக்குள் வாங்கிக்கொண்டு மேற்பரப்பு உலர்ந்தது போலவே இருக்கும், வாங்கும்போது கொஞ்சம் சூட்டையும் விடும். கம்பளி கட்டுப்படியாகுமா என்று கேட்டேன், அவர்கள் சிரித்தார்கள். அந்தப் பேச்சு அதோடு முடிந்தது.

நாங்கள் எடுத்துக்கொண்ட வழி புதுசு ஒன்றும் இல்லை. உள்பக்கம் ஈரத்தை உறிஞ்சாத நூல், வெளிப்பக்கம் உறிஞ்சிப் பரப்புகிற நூல். பாலியஸ்டர் தானாக ஈரத்தை வாங்காது, ஆனால் மெல்லிய இழைகள் நெருக்கமாக நிற்கும்போது அவற்றுக்கு இடையிலுள்ள சந்துகள் வழியாக வியர்வை ஏறிப்போகும். அங்கேயே நின்றால் பயனில்லை, வெளிப்பக்கத்தில் பருத்தி இருந்தால் அது இழுத்து அகலமாகப் பரப்பிவிடும். அகலமாகப் பரவிய ஈரம் சீக்கிரம் காயும், அதுவும் தோலை விட்டுத் தள்ளி. 75 டெனியரில் (டெனியர் என்பது நூலின் பருமனைச் சொல்லும் அலகு) 36 இழை உள்ள பாலியஸ்டரையும் அதே டெனியரில் 72 இழை உள்ளதையும் பின்னிப் பார்த்ததில் 72-தான் ஈரத்தைக் கடத்தியது. விலை கொஞ்சம் கூடுதல், அந்த இடத்தில் கஞ்சத்தனம் கூடாது. வெளியே 40-ம் நம்பர் கோம்டு பருத்தி, அதாவது சீவிச் சுத்தம் செய்த நூல். நம்பர் கூடக்கூட நூல் மெல்லிசு. இரண்டையும் கட்டிப்போடும் டக் நூலும் பாலியஸ்டர். அதில் பருத்தியைப் போட்டால் வெளியே போன ஈரம் அதே நூல் வழியாக உள்ளே திரும்பிவரும்.

பாலிப்ரொப்பிலீனையும் யோசித்தோம். தண்ணீரைவிட லேசான நூல், 1970-களிலிருந்தே குளிர்நாட்டு உள்ளாடைகளில் இருக்கிறது. ஆனால் 165 டிகிரியை ஒட்டி உருகிவிடும், பாலியஸ்டரோடு சேர்த்து ஸ்டெண்டரில், அதாவது துணியை விரித்துச் சூடுகாட்டும் மெஷினில், ஹீட் செட் பண்ணி அளவை நிலைநிறுத்த வழியில்லை. வழக்கமான சாயமும் ஏறாது. வேர்வை நாற்றமும் அதில் லேசில் போகாது. பத்துப்பேர் ஒரே அறையில் உடைமாற்றுகிற இடத்தில் அது சின்ன விஷயம் இல்லை. விட்டுவிட்டோம்.

சாயத்தில் ஒரு செலவு ஒளிந்திருக்கிறது, புதிதாக இறங்குகிறவர்கள் கவனிக்கட்டும். பாலியஸ்டருக்கு 130 டிகிரியில் பிரஷர் கொடுத்து ஒரு சாயம், பருத்திக்கு 60 டிகிரியில் வேறொரு சாயம். இரண்டு குளியல், இரண்டு செலவு. உள்பக்கம் யார் பார்க்கப்போகிறார்கள்? நூலாகவே கறுப்புச் சாயத்தோடு வருகிற பாலியஸ்டரை வாங்கிக்கொண்டோம். பருத்திக்கு மட்டும் சாயம்.

இதையெல்லாம் சரியாகச் செய்து முதல் லாட் சாயப்பட்டறையிலிருந்து வந்தது. கையில் எடுத்தால் வெண்ணெய். எல்லோருக்கும் பரம சந்தோஷம். சும்மா ஒரு சொட்டுத் தண்ணீரை வெளிப்பக்கம் விட்டுப் பார்த்தேன், வாழையிலையில் விழுந்த மாதிரி உருண்டு நின்றது. சாஃப்ட்னர்! மிருதுவாக இருக்கட்டும் என்று பட்டறைக்காரர் வழக்கமான சிலிகானைக் கடைசிக் குளியலில் போட்டிருக்கிறார். அது இழைமேல் மெல்லிய படலமாகப் படிந்து தண்ணீரைத் தள்ளிவிடும். தையலுக்கும் விற்பனைக்கும் நல்லது, ஈரம் கடத்த வேண்டிய துணிக்கு விஷம். திரும்பக் கழுவி, தண்ணீரை ஏற்கும் வகை சிலிகானை அளவாகப் போட்டு வாங்கினோம். அதற்கப்புறம் டையிங் புரோகிராம் எழுதும்போதே "சாதா சிலிகான் கூடாது, சொட்டுச் சோதனை பார்க்கப்படும்" என்று தமிழில் பெரிதாக எழுதிவிடுகிறேன்.

சொட்டுச் சோதனைக்கு லேப் எதுவும் வேண்டாம். துணியைத் தளர்வாக ஒரு வளையத்தில் மாட்டி, ஒரு சொட்டு விட்டு, மினுமினுப்பு மறையும்வரை எண்ணுங்கள். வெளிப்பக்கப் பருத்தி ஐந்து எண்ணுவதற்குள் குடித்துவிட வேண்டும். அப்புறம் உள்பக்கத்தில் ஒரு சொட்டு விட்டு, கொஞ்ச நேரம் கழித்து இரண்டு பக்கத்தையும் டிஷ்யூ காகிதத்தால் ஒற்றிப் பாருங்கள். உள்பக்கம் காய்ந்தும் வெளிப்பக்கம் நனைந்தும் இருந்தால் அடுக்கு வேலை செய்கிறது. அரை அடி நீளத் துண்டைத் தொங்கவிட்டு நுனியை மட்டும் தண்ணீரில் நனைத்தால் எவ்வளவு உயரம் ஏறுகிறது என்று தெரியும். நீளவாக்கில் ஒன்று, அகலவாக்கில் ஒன்று பார்க்க வேண்டும், பின்னல் துணியில் இரண்டும் ஒரே மாதிரி வராது. பையர் ரிப்போர்ட் கேட்டால் லேபுக்குத்தான் போக வேண்டும். 35 டிகிரியில், தோல் போலவே வியர்க்கிற சூட்டுத்தட்டின்மேல் துணியை வைத்து, சூடு எவ்வளவு தடுக்கப்படுகிறது, நீராவி எவ்வளவு சிரமப்பட்டு வெளியேறுகிறது என்று தனித்தனியாக எண் கொடுப்பார்கள். ஐஎஸ்ஓ 11092 சோதனை என்று கேட்டால் போதும். அதில் இரண்டாவது எண்ணைப் பலர் பார்ப்பதே இல்லை. உட்கார்ந்து வேலை செய்கிறவருக்கு முதல் எண், ஓடியாடுகிறவருக்கு இரண்டாவது எண்.

தொட்டவுடன் ஜில்லென்று இருக்கிறதா என்பது வேறு விஷயம், துணியின் கதகதப்போடு அதற்கு நேரடிச் சம்பந்தம் இல்லை. வழுவழுப்பான துணி தோலில் முழுசாக ஒட்டும், அதனால் முதல் நொடியில் சூடு வேகமாக ஓடிவிடும். உள்பக்கத்தைக் குழிகுழியாகப் பின்னினாலோ லேசாக ரைசிங் செய்து இழையைக் கிளப்பிவிட்டாலோ தோலைத் தொடும் இடம் குறையும், போடும்போதே இதமாக இருக்கும். ஆட்கள் ஒரு தெர்மலை ஏற்பதும் ஒதுக்குவதும் பாதி இந்த முதல் நொடியில்தான். ரைசிங்கை மட்டும் அளவோடு வைத்துக்கொள்ள வேண்டும். இழையை ரொம்பக் கிளப்பிவிட்டால் நாலு சலவையில் உருண்டைகள் வந்து அசிங்கமாகிவிடும்.

சாம்பிள் போட்டுப் பார்த்த ஆட்கள் சொன்னதில் பாதி, துணியைப் பற்றியே இல்லை. தோள்பட்டைத் தையல் ஜாக்கெட்டின் கனத்தில் அழுத்துகிறது என்றார்கள். மேடு தட்டுகிற ஓவர்லாக் தையலை எடுத்துவிட்டு, தட்டையாகப் படிகிற ஃபிளாட்லாக் போட்டோம். குனியும்போது இடுப்புப் பக்கம் ஏறிக்கொள்கிறது என்றார்கள், முதுகுப் பக்கம் நீளம் கூட்டினோம். கழுத்தில் பாதி ஜிப் வைத்துக் கொடுத்ததுதான் எல்லாவற்றையும்விடப் பிடித்திருந்தது. வெளியே வந்தவுடன் இறக்கிவிட்டால் சூடு கழுத்து வழியாகக் கிளம்பிவிடும், வேர்வையே குறையும். இதற்கு எந்த நூலும் தேவைப்படவில்லை, பதினைந்து ரூபாய் ஜிப் போதுமாக இருந்தது.

சைஸும் முக்கியம். உடம்போடு ஒட்டினால்தான் வியர்வையைத் துணி எடுக்கும், தொளதொளவென்று இருந்தால் நடுவில் காற்று ஓடும். அதற்காக இழுத்துக்கொண்டு மாட்டுகிற அளவு இறுக்கமும் கூடாது. இழுபட்ட பின்னல் தட்டையாகிவிடும், காசு கொடுத்து வாங்கிய தடிமன் காணாமல் போகும். கண்ணாடி முன்னால் நின்று பாருங்கள், குவில்ட் மேடுகள் நெஞ்சில் மறைந்துபோயிருந்தால் ஒரு சைஸ் பெரிதாக வாங்குங்கள். அதே மாதிரி, பின்னல் துணி எதுவாக இருந்தாலும் காற்றைத் தடுக்காது. வெறும் தெர்மலோடு ஃபேனுக்கு எதிரே நின்றால் 300 ஜிஎஸ்எம்மும் வலைதான். மேலே காற்றுப் புகாத ஒன்று இருந்தே ஆக வேண்டும்.

கேதார்நாத், லே, மணாலி என்று கிளம்புகிற சொந்தக்காரர்கள் எனக்கு போன் செய்வது வழக்கமாகிவிட்டது, "இருக்கறதுலயே கனமா ஒண்ணு எடுத்து வைங்க" என்று. ஒரே ஒரு கனமான தெர்மலுக்குப் பதில் மெல்லியதாக இரண்டு என்பதுதான் நான் சொல்வது. இரண்டுக்கும் நடுவில் இன்னொரு காற்று அடுக்கு இலவசம், ஏறும்போது ஒன்றைக் கழற்றிவிடவும் முடியும். கேதார்நாத் 3,500 மீட்டருக்கு மேலே இருக்கிறது, கௌரிகுண்டிலிருந்து நடந்து ஏறுகிறவர் டிசம்பர் ஊட்டியில் போர்த்திக்கொண்டு நிற்கிறவர் மாதிரி இல்லை, நன்றாக வியர்ப்பார். உள்ளே பாலியஸ்டர் முகம் உள்ளது, அதற்கு மேலே பருத்தி குவில்ட், அதற்கும் மேலே காற்றுத் தடுப்பு. மேலே போய்ச் சேர்ந்ததும் முதல் வேலையாக உள்ளே போட்டிருந்ததைக் கழற்றிக் காய்ந்த ஒன்றை மாட்டிக்கொள்ள வேண்டும். சுடச்சுட டீ அப்புறம் குடித்துக்கொள்ளலாம். ராத்திரி தூங்குவதற்குத் தனியாக ஒரு செட். அதற்குப் பருத்தி குவில்ட்டே போதும், தூக்கத்தில் யாரும் சுமை தூக்குவதில்லை. குதிரையிலோ டோலியிலோ போகிற அம்மாக்களுக்கு உடம்பு அசையாது, வேர்வை இருக்காது, குளிர் நேராக ஏறும். அவர்களுக்கு நான் சொல்வது தலைகீழ்: தடிமன்தான் முதலில், காலுக்கும் சேர்த்து. புடவைக்கு உள்ளே தெர்மல் பேண்ட் போடக் கூச்சப்படுகிறவர்கள் பாதி வழியில் கடைக்காரனிடம் இரட்டை விலை கொடுத்து வாங்குகிறார்கள்.

தூத்துக்குடிக்குத் திரும்ப வருகிறேன். துணி ஏற்கப்பட்டது, ஆர்டரும் வந்தது, ஆனால் கொஞ்ச நாளில் மறுபடியும் புகார். காலையில் போடும்போதே ஜில்லென்று இருக்கிறதாம். "எத்தன செட்டுங்ணா வச்சிருக்கீங்க?" என்று கேட்டேன். "ஒண்ணுதான் சார். ராத்திரி அலசிப் போட்டுட்டுக் காலைல மாட்டிட்டு வந்துருவேன்." அடுக்குத் துணி ஒற்றைப் பனியன் மாதிரி ஒரு ராத்திரியில் காயாது. அதிலும் அந்த ஊர்க் காற்றிலேயே ஈரம் இருக்கிறது. உள்பக்கத்தை வெளியே திருப்பி நிழலில் காயப்போடச் சொன்னோம், வாசனைக்காக வீட்டில் ஊற்றுகிற துணி கண்டிஷனரை நிறுத்தச் சொன்னோம். அதுவும் பட்டறை சிலிகான் செய்கிற வேலையைத்தான் செய்யும். இரண்டாவது செட் கொடுக்கச் சொல்லிக் கிடங்கு நிர்வாகத்திடம் பேசியபோதுதான் பெரிய தயக்கம், செலவு இரட்டிப்பாகிறதே என்று. ஒரு செட்டின் விலையைக் குறைத்து இரண்டாகக் கொடுக்க முடியுமா என்று கேட்டார்கள். வெளிப்பக்கப் பருத்தியை 40-லிருந்து 34-க்கு மாற்றி, ரைசிங்கை எடுத்துவிட்டு, 72 இழையில் மட்டும் கைவைக்காமல் ஒரு விலை போட்டுக் கொடுத்தேன். இப்போது இரண்டு செட்தான் போகிறது.